ஐயாவுக்கு வேறை அடுப்பு

இன்றைக்கும் யாராவது என் முன்னால் இருந்து, "ஏழைக்கென்ன, அரசாங்கம் அள்ளிக் குடுக்குது, மாசச் சம்பளக்காரன்தான் நடுவில கிடந்து சாகிறான்" என்று தொடங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாண வீடு, செத்த வீடு என்றும் பார்க்காமல் வாயைத் திறந்துவிடுவேன். மூத்த மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பாள். "அம்மா, விடுங்கோவன்" என்பாள். எப்படி விடுகிறது? அந்தக் கதையை முதன்முதல் என் காதில் போட்டவள் நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி. அவள் சொன்னதில் உண்மையும் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே என் பிள்ளைகளின் சோற்றில் கைவைத்தாள்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து உள்துறைமுகப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அப்போது குடியிருந்தோம். எங்களுடையது கிடுகு வேய்ந்த ஒற்றை அறை. என் மனிசன் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் நாள்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவள் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. வேலிக்கு அங்கால் ஒரு கல்வீடு. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்த கிளாக்கரும் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் அதில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த மனைவிதான் அக்கா. அவளும் கிளிவெட்டி, நானும் கிளிவெட்டி. ஊரில் இருக்கும்போது அவர்கள் வயற்காரர், நாங்கள் அந்த வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டினவர்கள். அவள் வீட்டு விறாந்தையில் நான் கால் வைத்ததில்லை. நகரத்துக்கு வந்தபிறகு அதெல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன், விசரி. வந்தவர் போனவருக்கெல்லாம் "இவள் எங்கட ஊர்ப் பிள்ளை, என்ர தங்கச்சி மாதிரி" என்று அவள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தோம். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அதற்குள்ளால் போய்வருவேன்.

அது கூப்பன் காலம். ஆளுக்கொரு கூப்பன் புத்தகம், சங்கக்கடையில் கிழமைக்குக் கிழமை அரிசி. கிளாக்கருக்கும் இருந்தது, கூலிக்காரனுக்கும் இருந்தது. கிளாக்கர் வீட்டில் அந்த அரிசியைத் தொடமாட்டார்கள். மணம், கல்லு, வண்டு என்று முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்குக் கிளிவெட்டியில் இருந்து அக்காவின் தம்பி சிவப்பரிசி மூட்டை அனுப்புவான். ஆகவே அவர்கள் வீட்டுப் புத்தகங்களும் என் கையில்தான் இருக்கும். எங்கள் புத்தகங்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கியூவில் நிற்பேன். சீனி அவளுக்கு, அரிசி எனக்கு. பதிலுக்கு அவள் வீட்டு மாவை இடித்து வறுத்துக் கொடுப்பேன், மிளகாய் இடித்துக் கொடுப்பேன். இதற்கு நாங்கள் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. சம்பளம் என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் ஒருநாளும் வந்ததில்லை. அந்த ஒழுங்கையில் இன்னும் பல உத்தியோக வீடுகளில் இப்படித்தான் நடந்தது.

பிறகு, சம்பளம் இன்ன அளவுக்கு மேல் எடுக்கிறவர்களுக்குக் கூப்பன் இல்லை என்று வெட்டிவிட்டார்கள். கிளாக்கர் வீட்டுப் புத்தகங்கள் போயின. அந்த வருடம் பார்த்துக் கிளிவெட்டியில் மழை பொய்த்து வெள்ளாமையும் பிழைத்துப்போயிற்று. தம்பிக்காரன் அரிசி மூட்டைக்குப் பதிலாகத் தகப்பனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இருந்த வயலை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற கிழவர். அக்கா அவரைப் பின்சுவரோடு சாய்த்து இறக்கியிருந்த பத்தியில் படுக்க வைத்தாள்.

அப்போதுதான் அந்தக் கதையைத் தொடங்கினாள். நான் உரலில் மா இடித்துக்கொண்டிருந்தேன்.

"மாசச் சம்பளம் எண்டு ஒரு பேர்தான். அதைக் கந்தோரில பேப்பரில போட்டு வைச்சிருக்கிறாங்கள், ஒளிக்க ஏலுமே? சந்தியில கடை போட்டு மாடியும் கட்டினவன் வருமானம் இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டுக் கூப்பன் எடுக்கிறான். உங்களுக்கென்னடி, ராசாத்தி மாதிரி. சும்மா கிடந்தாலும் அரிசி வருது."

சும்மா கிடந்தாலும்! உலக்கை என் கையில் இருக்கும்போதே சொன்னாள். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டு நெருக்கடி எனக்குத் தெரியும். கிளாக்கர் சைக்கிளை விற்றுவிட்டுக் கந்தோருக்கு நடந்து போனார். கூலிக்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போகலாம், கிளாக்கர் ஸ்திரிபோட்ட காற்சட்டை இல்லாமல் போக ஏலாது. மூன்று பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாக இருக்கவேணும். அவர்களுக்கு யாரும் இரங்கமாட்டார்கள், அவர்களும் யாரிடமும் போய்க் கேட்கமாட்டார்கள். நானும் அவளோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினேன். அதோடு நிற்காமல் எங்கள் கூப்பன் அரிசியில் இரண்டு சுண்டு, மூன்று சுண்டு என்று கொண்டுபோய் அவள் குசினியில் வைத்தேன். வண்டு என்று அவள் அப்போது சொல்லவில்லை.

கொஞ்சக் காலத்தில் கூப்பனையே எடுத்துவிட்டு முத்திரை என்றார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரை. அதைக் கொடுத்துச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் பால்மாவும் வாங்கலாம். மற்றவர்கள் எல்லாரும் கடை விலைக்கு வாங்க வேண்டியதுதான். கடை விலையோ ஒவ்வொரு கிழமையும் ஏறிக்கொண்டிருந்தது. முத்திரை கிடைக்காவிட்டால் கப்பல் வராத கிழமைகளில் எங்கள் வீட்டில் உலை இல்லை. அவ்வளவுதான் விசயம். என் மனிசன் அப்படி எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அவரே, "அந்தப் புத்தகத்தை எப்பிடியும் எடுத்துப் போடு" என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

பெயர் எழுதுகிற பொறுப்பு கிராம சேவகருக்கு. கடதாசியில் அப்படி எழுதினாலும் எங்களுக்கு அவர் விதானையார்தான். அவருக்கு ஒரு முறை இருந்தது: ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம் என்று பதிவார். அடுப்பு எரியாத வீட்டில் குடும்பமே இல்லை. வீடு வீடாக வந்து குசினிக்குள் எட்டிப் பார்க்கிறாராம், சாம்பலைத் தொட்டும் பார்க்கிறாராம் என்று ஒழுங்கை முழுக்க ஒரே கதை.

அவர் எங்கள் பக்கம் வருகிறார் என்று தெரிந்த அன்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஐயாவுக்கு முத்திரை எடுக்கலாம் எண்டு இவர் சொல்லுறார். ஐயாவுக்கு ஒரு சதம் வருமானம் இல்லைத்தானே. ஆனால் எங்களோட ஒண்டாச் சாப்பிட்டால் எங்கட குடும்பம் எண்டு போட்டிடுவாங்கள். பத்தியில ஐயாவுக்கு வேறை அடுப்பு வைப்பம்."

"வைக்கலாம் அக்கா. ஐயா சமைப்பாரே?"

"அவர் அடுப்பு ஊதினால் தாடிதான் எரியும். நான் சமைச்சாலும் சரிவராது, எங்கட சமையல் எண்டுவார். நீ வந்து மூட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கிழவருக்கு உதவிக்குச் சமைச்சுக் குடுக்குது எண்டு சொல்லுவம். ஒரே ஒரு நாளைக்குத்தான்."

பொய்யென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிழவரிடம் உண்மையாகவே ஒரு சதமும் இல்லை. சந்திக் கடைக்காரன் எடுக்கிறான், இவர் எடுத்தால் என்ன என்று நினைத்தேன். கேட்டது அக்கா. ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. மனிசன் துறைமுக ஜெட்டிக்குப் போய்விட்டார். பிள்ளைகளைத் தனியே விட ஏலாது, கூட்டிக்கொண்டு போனேன். பத்தியில் மூன்று கல் வைத்து, எங்கள் வீட்டு விறகையே கொண்டுபோய் மூட்டினேன். புதுக் கல், ஈரத் தரை, ஒரே புகை. கண் எரிய எரிய ஊதினேன். கிழவர் பாயில் இருந்து, "என்னத்துக்குப் பிள்ளை இந்தப் புகை?" என்று கேட்டுக்கொண்டே இருமினார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அடுப்பை மூட்டிவிட்டு வரவா என்று அக்காவிடம் கேட்டேன். "அந்தாள் உங்கட பக்கம் பின்னேரம்தான் வரும். பிள்ளையளுக்கும் இஞ்சயே குடு, ஏன் இரண்டு இடத்தில விறகை எரிக்கிறாய்" என்றாள். அவள் வேண்டுமென்றே சொன்னாள் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். விறகு எனக்கும் பெரிய விசயம்தான். கஞ்சி வைத்து, மூத்தவளுக்குக் கோப்பையில் விட்டு, இளையவளுக்கு மடியில் வைத்துப் பருக்கிக்கொண்டிருந்தேன்.

விதானையார் பின் ஒழுங்கையால் வந்துவிட்டார். முதலில் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். பத்திக்குள் குனிந்து பார்த்தார், கொப்பியைத் திறந்தார்.

"பின்வீட்டில அடுப்பு பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்குது. அந்த வீட்டுக்காரி நீங்களோ?"

"ஓம்."

"பிள்ளையளும் இஞ்சதான் சாப்பிடுகுதுகள். அப்ப இது உங்கட அடுப்போ, இந்தக் கிழவரின்ர அடுப்போ?"

நான் அக்காவைப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு அடுப்பு. என்னுடையது என்றால் கிழவருக்கு அடுப்பு இல்லை. கிழவருடையது என்றால் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, உதவிக்கு வந்தது, அவளுக்கு அங்கால் தனி அடுப்பு இருக்கு என்று அவள் சொன்னால் போதும். அந்தாள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் எங்கள் பேச்சு.

"ஐயாவின்ர அடுப்புத்தான் சேர்" என்றாள் அக்கா. "இவள் எங்கட வேலைக்காரி. மாசம் மாசம் சம்பளம் குடுக்கிறம். சாப்பாடும் இஞ்சதான்."

வாய் கூசவில்லை அவளுக்கு. தடுமாறக்கூட இல்லை. விதானையார் எழுதினார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இளையவளின் வாயைத் துடைத்தேன், கோப்பையை எடுத்து வைத்தேன். அவர் படலையைத் தாண்டினபிறகு அக்கா என் தோளைப் பிடித்து, "பயப்பிடாதை பிள்ளை. அந்த நேரம் வேறை என்னத்தைச் சொல்லுறது? இவரைக் கொண்டு உன்ர பேரைப் போடுவிக்கிறன்" என்றாள். நான் நம்பினேன். ஐயோ, எவ்வளவு நம்பினேன்!

சங்கக்கடைச் சுவரில் பெயர்கள் ஒட்டினார்கள். கிழவரின் பெயர் இருந்தது. சந்திக் கடைக்காரனின் பெயர்கூட இருந்தது. எங்களுடையது இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள், "வாசிச்சது காணும், தள்ளு" என்றார்கள்.

நேரே அக்காவிடம் போனேன். பார்ப்பம், இவர் வரட்டும் என்றாள். ஒரு கிழமை பார்த்தேன். கிளாக்கர் ஒவ்வொரு நாளும் வந்தார், போனார், என்னைக் கண்டால் பேப்பரை உயர்த்திப் பிடித்தார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து நல்லாக இருக்கும். நானே மேன்முறையீடு ஒன்று எழுதிக்கொண்டு முத்திரைக் கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அங்கால் இருந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான் ஐயா."

"இவ்வளவு வடிவாய் எழுதுறீங்கள், முத்திரைக்கு வாறீங்கள்?"

பசிக்கிறவளுக்குக் கையெழுத்தும் கோணலாக இருக்கவேணும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அண்டைக்கு ஏன் அங்க சமைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அது பொய் அடுப்பு, கிளாக்கர் வீட்டார் சொல்லி மூட்டினது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் கிளாக்கர் அரசாங்க உத்தியோகத்தர். பொய் சொல்லி முத்திரை எடுத்தார் என்று வந்தால் அவருடைய வேலைக்கே உலை. மூன்று பெண்பிள்ளைகள். "உதவிக்குப் போனனான்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அந்த வீட்டுக்காரர், நீங்கள் அவையின்ர வேலையாள் இல்லை, உங்களுக்குத் தனி அடுப்பு எண்டு ஒரு கடிதம் தரட்டும். சேர்க்கலாம்" என்றார். நல்ல மனிதர். ஒரு கடிதம்தான் கேட்டார்.

அன்று பின்னேரம் பொட்டுக்குள்ளால் போகாமல், முன்பக்கத்தால் சுற்றி வாசலுக்குப் போனேன். கடிதம் கேட்கப் போகிறவள் குனிந்து போகக்கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. கிளாக்கர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். சொன்னேன். ஏற்கெனவே நான் அவருக்காகக் கந்தோரில் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, நான் அரசாங்க உத்தியோகத்தன். அண்டைக்கு அவ ஒண்டு சொல்லி, இண்டைக்கு நான் வேறையொண்டு எழுதினால் என்ன நடக்கும்? பொய்க் கடிதத்தில நான் கையெழுத்து வைக்க ஏலாது."

பொய்க் கடிதமாம்! என் அடுப்பு என்னுடையது என்று எழுதுவது அவருக்குப் பொய். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"ஐயாவின்ர புத்தகத்தையும் திரும்பப் பார்க்க வருவாங்கள்" என்றாள். "எங்களுக்கு இதைவிட்டால் அரசாங்கத்திட்ட இருந்து ஒண்டும் இல்லை. உனக்கென்ன, உன்ர மனிசனுக்குக் கை கால் இருக்கு. அடுத்த தரமும் பதிவாங்கள். உங்களுக்கு எப்பவும் ஏதாவது குடுத்துக்கொண்டுதான் இருப்பாங்கள்."

வீட்டுக்கு வந்து மனிசனிடம் சொன்னேன். அவர் துள்ளினார். "நாளைக்கே போய் அது பொய் அடுப்பெண்டு சொல்லு!"

"கிளாக்கர் அண்ணைக்கு வேலை போயிடும்."

"எங்கட சோறு போயிட்டுதே, அது பெரிசில்லையோ? அவையள் உனக்கு ஆர்?"

ஆனாலும் போகவில்லை. மூட்டினது என் கை, ஊதினது என் வாய். போய்ச் சொன்னால் என்னையும் பொய்க்காரி என்று எழுதுவார்கள், பிறகு ஒருநாளும் புத்தகம் தரமாட்டார்கள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்கா வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து, "பிள்ளை, இந்தா கடிதம்" என்பாள் என்று வேலியைப் பார்த்தபடியே இருந்தேன். துரோகம் செய்தவளைவிட, அதற்குப் பிறகும் காத்திருந்த என்னைத்தான் எனக்கு இன்றைக்கும் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

மூன்று கிழமை கப்பல் இல்லை. மனிசன் குறிஞ்சாக்கேணிப் பக்கம் வலை இழுக்கப் போய், கையில் இரண்டு மீனோடு வந்தார். மீனை அவித்துத் தின்னலாம். பால்குடிக்கிற பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது? என்னிடமும் பால் வற்றிவிட்டது. இளையவள் அழுகிற சத்தம் குறைந்துகொண்டு வந்தது. அழுதால் தாங்கலாம், அழாமல் கிடந்தாள். அன்று காலை அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக் குசினி வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, ஏதாவது வேலை இருந்தால் தாங்கோ" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவளுடைய முகம் மலர்ந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று பயந்திருப்பாள். பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள், மேசை லாச்சியில் இருந்து கிழவரின் முத்திரைகளை எடுத்து என் கையில் வைத்தாள். "சங்கக்கடையில நிண்டு ஐயாவின்ர அரிசியையும் பால்மாவையும் வாங்கிக்கொண்டு வா. பால்மாவில பிள்ளைக்குக் கொஞ்சம் கரைச்சுத் தாறன்" என்றாள். போனேன், கியூவில் நின்றேன், வாங்கினேன், கொண்டுவந்து வைத்தேன். பால்மாவை அவளே கரைத்து, ஆற்றித் தந்தாள். பிள்ளை குடித்தது.

"இனி ஒவ்வொரு நாளும் விடியவே வா" என்றாள். "வீடு கூட்டிச் சமைச்சு உடுப்புத் தோய்ச்சுப் போட்டுப் போ. மத்தியானம் சாப்பாடும் தாறன், மாசம் முடியச் சம்பளமும் தாறன்." பிறகு, பாரம் இறக்கிவைத்த ஆளைப்போல ஒரு பெருமூச்சு விட்டாள். "பாத்தியே, அண்டைக்கு நான் விதானையாருக்குச் சொன்னது இப்ப பொய் இல்லைத்தானே?"

என் கையில் வெறுங்கோப்பை இருந்தது. பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டாள்.

"ஓம் அம்மா" என்றேன்.

இதென்ன புதுக்கதை, அக்கா எண்டு சொல்லடி என்று என்னை ஏசுவாள் என நின்றேன். ஏசவில்லை. நேரமாகுது, உலையை வை என்றாள்.